குளோரினில் பதினெட்டரை நியூட்ரான்: பையன் எழுதியது எவ்வளவு தப்பு?

#1 தறிக்காரன் (ஈரோடு பக்கம்)

வணக்கம். பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் அறிவியல் தேர்வுத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மற்றதெல்லாம் பரவாயில்லை. ஒரே ஒரு கேள்விதான் எங்கள் இரண்டு பேரையும் படுத்துகிறது.

'குளோரின் அணுவின் உட்கருவில் உள்ள நியூட்ரான்கள் எத்தனை?' இவன் எழுதியது இப்படி:

அணு எண் = 17
நிறை = 35.5
நியூட்ரான் = 35.5 − 17 = 18.5

18.5-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம், மேலே பெருக்கல் குறி, ஓரத்தில் இரண்டுக்குப் பூஜ்யம். "கழித்தல் சரிதானேப்பா" என்கிறான். கழித்தல் சரிதான், நானும் பார்த்துவிட்டேன். 35.5-ஐ அவன் சொந்தமாகப் போடவில்லை. வகுப்புச் சுவரில் தொங்குகிற தனிம வரிசை அட்டவணையில் குளோரின் கட்டத்தில் அதுதான் இருக்கிறதாம். பள்ளியில் கேட்டதற்கு, "அரை நியூட்ரான் எங்கேயாவது உண்டா? போய் உட்கார்" என்று சொல்லிவிட்டார்கள்.

நான் பிளஸ் டூவில் வணிகவியல். அணு என்றால் எனக்குக் குண்டுதான் ஞாபகம் வரும். யாராவது அடியிலிருந்து சொல்லுங்கள். எனக்குப் புரிந்தால் நான் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

#2 சாக்பீஸ் (ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்)

தம்பி, பையனைத் திட்டிவிடாதீர்கள். அவன் சறுக்கியது ஒரே இடத்தில். அதுவும் நல்ல சறுக்கல்.

அணுவுக்குள் இப்போதைக்கு நமக்கு வேண்டியவை மூன்று. நடுவில் உட்கரு. அதற்குள் புரோட்டானும் நியூட்ரானும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். புரோட்டானுக்கு நேர்மின் சுமை, நியூட்ரானுக்குச் சுமையே கிடையாது. எடை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வெளியே எலக்ட்ரான், எதிர்மின் சுமை கொண்டது. அதன் எடை ரொம்பச் சொற்பம்: 1836 எலக்ட்ரான் சேர்ந்தால்தான் ஒரு புரோட்டானுக்கு ஈடு. அறுபது கிலோ ஆள் ஒருவரின் உடம்பில் உள்ள எலக்ட்ரான் அத்தனையையும் திரட்டித் தராசில் வைத்தால் 18 கிராம் சுமாருக்குத்தான் நிற்கும். மிச்ச எடை முழுக்க உட்கருவில் இருக்கிறது. அதனால்தான் அணுவின் எடையைப் பேசும்போது எலக்ட்ரானைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அணுவுக்குப் பேர் வைப்பது புரோட்டான். 17 புரோட்டான் இருந்தால் குளோரின். ஒன்று குறைந்தால் கந்தகம், ஒன்று கூடினால் ஆர்கான். இந்த எண்ணிக்கைதான் அணு எண். புரோட்டானையும் நியூட்ரானையும் கூட்டினால் நிறை எண். இரண்டுமே தலை எண்ணுகிற கணக்கு. பந்தியில் பதினெட்டரை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டோம் இல்லையா, அதே மாதிரி.

ஆனால் சுவரில் இருக்கிற 35.5 நிறை எண்ணே இல்லை. அது சராசரி. குளோரினில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் 18 நியூட்ரான் (நிறை எண் 35), இன்னொன்றில் 20 நியூட்ரான் (நிறை எண் 37). இயற்கையில் எங்கே குளோரினை எடுத்தாலும் ஏறத்தாழ நாலில் மூன்று முதல் ரகம், நாலில் ஒன்று இரண்டாம் ரகம். அந்தக் கலவையின் சராசரியைத்தான் அட்டவணையில் அச்சடித்திருக்கிறார்கள். பையன் செய்ததெல்லாம், சராசரியிலிருந்து புரோட்டானைக் கழித்ததுதான். அவனுக்குக் கிடைத்த 18.5-உம் ஒன்றும் பொய் இல்லை, நியூட்ரான் எண்ணிக்கையின் சராசரி அது. எந்தத் தனி அணுவுக்கும் அது பொருந்தாது, அவ்வளவுதான்.

#3 பழைய_முதல்பெஞ்சு

இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை சார். எங்கள் காலத்தில் தசமம் வந்தால் பக்கத்து முழு எண்ணுக்கு மாற்றிக் கழித்துவிடுவோம். 35.5 என்றால் 36. 36-இல் 17 போனால் 19. வேலை முடிந்தது. சோடியத்துக்கு 22.99, அதை 23 ஆக்கினால் 12 நியூட்ரான். அலுமினியம் 26.98, அதை 27 ஆக்கினால் 14. எல்லாம் சரியாக வரும்.

#4 நிறமாலை (ஆய்வகத்தில் வேலை)

சோடியத்துக்கும் அலுமினியத்துக்கும் வருவதற்குக் காரணம், இயற்கையில் அவற்றுக்கு ஒரே ஒரு நிலையான ரகம்தான் உண்டு. அந்தக் குறுக்குவழியைக் குளோரினிடம் கொண்டுபோனீர்கள் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். 19 நியூட்ரான் உள்ள குளோரின்-36 நிலையானதே இல்லை. அது கதிரியக்கம் உள்ளது, அரை ஆயுள் (இருப்பதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம்) சுமார் 3 லட்சம் ஆண்டுகள், இயற்கையில் மிக மிகச் சொற்பம். ஆக, பையனின் 18.5 தப்பு என்றால் உங்கள் 19 அதைவிடத் தப்பு. அவனுடையதாவது சராசரி என்ற வகையில் நிற்கும்.

இன்னும் அழகான பொறி புரோமின். அட்டவணையில் 79.9. பார்த்த உடனே 80 என்று எழுதக் கை போகும், 80-இல் 35 போனால் 45 நியூட்ரான் என்று வரும். ஆனால் இயற்கையில் இருக்கும் புரோமின் 79-உம் 81-உம்தான், கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. 80 அதில் இல்லவே இல்லை!

#5 பழைய_முதல்பெஞ்சு

அட. நாற்பது வருடமாக 45 என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரி, பின்பெஞ்சுக்குப் போகிறேன்.

#6 தறிக்காரன்

சாக்பீஸ் ஐயா சொன்னதை வைத்து நேற்று ராத்திரி வீட்டில் ஒரு வேலை செய்தோம். அம்மா பல்லாங்குழிக்கு என்று டப்பாவில் புளியங்கொட்டை சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதை நியூட்ரான் ஆக்கினோம். கோழிக்கு வாங்கிய மக்காச்சோளம் புரோட்டான்.

தரையில் நாலு குவியல். ஒவ்வொன்றிலும் 17 சோளம். அதில் பையன் கண்டிப்பாக இருந்தான், "இது மாறினா குளோரினே இல்லப்பா" என்றான். முதல் மூன்று குவியலில் 18 கொட்டை, நாலாவதில் 20. மொத்தம் 74 கொட்டை வேண்டும். டப்பாவில் எழுபதுதான் இருந்தது, கடைசி நாலுக்குப் பட்டாணி போட்டோம். எல்லாவற்றையும் எண்ணினால் 142. நாலால் வகுத்தால் 35.5.

பையன் கொஞ்ச நேரம் அந்த நாலு குவியலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஒவ்வொன்றாக மறுபடி எண்ணினான். "35, 35, 35, 37. முப்பத்தஞ்சரை எதுலயுமே இல்ல" என்றான். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை.

ஆனால் உடனே அடுத்த கேள்வி: நாலாவது குவியல் எடை கூட, அப்புறம் ஏன் அதற்கும் குளோரின் என்றே பேர்? வேறு பொருள்தானே? இதற்கு என்ன சொல்வது?

#7 யாழ்_ரீச்சர்

அண்ணா, அந்தப் புளியங்கொட்டை எண்ணம் மிகவும் பிடித்தது. எங்கள் பிள்ளைகளுக்கும் செய்து காட்டப்போகிறேன்.

உங்கள் மகனின் கேள்விக்குப் பதில் இலங்கைப் பாடப்புத்தகச் சொல்லிலேயே இருக்கிறது. ஒரே தனிமத்தின் இந்த வெவ்வேறு ரகங்களை நீங்கள் ஐசோடோப்பு என்பீர்கள், நாங்கள் 'சமதானி' என்போம். சம தானம், அதாவது அட்டவணையில் ஒரே இடத்தில் உட்காருபவை. ஐசோடோப்பு என்ற கிரேக்கச் சொல்லுக்கும் அதேதான் பொருள். 1913-இல் பிரெடரிக் சாடி இந்தக் கருத்தைச் சொன்னபோது, பெயரை எடுத்துக்கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர்.

ஏன் ஒரே இடம்? ஒரு பொருள் மற்றதோடு எப்படிச் சேரும், எப்படி எரியும், என்ன நிறம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது இலத்திரன்கள் (உங்கள் எலக்ட்ரான்). அணுவுக்கு மொத்தத்தில் மின்சுமை இல்லை. ஆகவே 17 புரோத்தன் இருந்தால் 17 இலத்திரன் இருந்தே ஆகவேண்டும். அவை 2, 8, 7 என்று மூன்று ஓடுகளில் நிற்கும். கடைசி ஓட்டில் ஏழு, எட்டாக ஒன்று குறைவு. அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் குளோரின் அலையும். சோடியம் 2, 8, 1. கடைசியில் தனித்து நிற்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்கும் நிம்மதி. இரண்டும் சேர்ந்தால் கறியுப்பு. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நியூத்திரன் தலையிடுவதே இல்லை. அது 18 ஆக இருந்தால் என்ன, 20 ஆக இருந்தால் என்ன?

உங்கள் வீட்டு உப்புப் போத்தலில் இரண்டு குளோரினும் கலந்தே இருக்கின்றன. கறியில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை.

#8 தறிக்காரன்

சமதானி! இந்தச் சொல்லைக் கேட்டதுமே பாதி புரிந்துவிட்டது. பையனும் நோட்டில் எழுதிக்கொண்டான். ரொம்ப நன்றிம்மா. தேர்வில் இதை எழுதி மார்க் போய்விடப்போகிறது என்றுதான் ஒரு பயம்.

#9 யாழ்_ரீச்சர்

எழுத வேண்டாம் அண்ணா, விளங்கிக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இணையத்தில் தமிழில் தேடும்போது எங்கள் சொற்கள் குறுக்கே வரும், குழம்பிவிடக்கூடாது. நீங்கள் தனிமம் என்றால் நாங்கள் மூலகம். நிறை எண் என்றால் திணிவெண். இணைதிறன் (ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறன்) எங்களிடம் வலுவளவு.

#10 நிறமாலை

யாழ் ரீச்சர் சொன்னதில் ஒரு சின்ன விலக்கு: ஹைட்ரஜன். அங்கே ஒரு நியூட்ரான் சேர்ந்தாலே எடை இரட்டிப்பாகிவிடும், அதனால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தக் கனமான ஹைட்ரஜனால் ஆன கனநீர் சுமார் 3.8 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும். கல்பாக்கத்தில் மின்சாரம் எடுக்கிற அணு உலைகளில் இந்தக் கனநீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். குளோரினுக்கு 35-க்கும் 37-க்கும் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை, அதனால் சமையலறையில் தெரியாது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். இந்தப் பையன் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் வேதியியலே நூறு வருடம் மாட்டிக்கொண்டு நின்றது. இது அவனுக்குத் தெரிய வேண்டும்.

1815-இல் வில்லியம் பிரவுட் என்ற லண்டன் மருத்துவர் பேர் போடாமல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எல்லாத் தனிமங்களின் எடையும் ஹைட்ரஜன் எடையின் முழு மடங்காக இருக்கிறதே, அப்படியானால் எல்லாமே ஹைட்ரஜனால் கட்டியதாக இருக்குமோ என்பது அவர் யோசனை. இன்று பார்த்தால் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டார். கார்பன் 12, ஆக்சிஜன் 16, சோடியம் 23 என்று வரிசையாக ஒத்துவந்தது. குளோரின் மட்டும் வழிக்கு வரவில்லை. சுவீடனில் பெர்சீலியஸ் போன்ற கை சுத்தமான ஆட்கள் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்தார்கள். எப்படி நிறுத்தாலும் முப்பத்தைந்தரைப் பக்கமே நின்றது. அந்த ஒரு அரையால் பிரவுட்டின் யோசனையைப் பலர் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாரிஞாக் என்ற சுவிஸ் வேதியியலாளர், அப்படியானால் அடிப்படை அலகு ஹைட்ரஜனில் பாதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றார். அதாவது 'அரை' உண்டு என்றே வைத்துக்கொள்வோம் என்று. தறிக்காரன் மகன் எழுதியதும் அதுதானே? அவருக்கு யாரும் பூஜ்யம் போடவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஆஸ்டன். 1919-இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வகத்தில் நிறை நிறமாலைமானி (அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி) ஒன்றைக் கட்டினார். களத்தில் நெல் தூற்றியதைப் பார்த்திருப்பீர்கள். காற்று ஒரே காற்றுதான், ஆனால் பதர் தூரமாகப் போய் விழும், நெல் காலடியில் விழும். இங்கே காற்றுக்குப் பதில் மின்புலமும் காந்தப்புலமும். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, அதை நேர்மின் அயனியாக்கி ஓடவிட்டால், எடை குறைந்தது அதிகம் வளையும், கூடியது குறைவாக வளையும். போய் விழுகிற இடத்தில் ஒளிப்படத் தகடு. குளோரினை ஓடவிட்டபோது 35-இல் ஒரு கோடு விழுந்தது, 37-இல் ஒரு கோடு. நடுவில், எல்லோரும் நூறு வருடமாக நிறுத்துக் கொண்டிருந்த அந்த எடையில், தகட்டில் ஒன்றுமே இல்லை.

"35, 35, 35, 37. முப்பத்தஞ்சரை எதுலயுமே இல்ல" என்று உங்கள் வீட்டுத் தரையில் பையன் சொன்னானே, அதேதான் அந்தத் தகடும் சொன்னது. 1922-இல் அவருக்கு நோபல் பரிசு. ஆனால் அந்த இரண்டு எடை வித்தியாசத்துக்குக் காரணம் இரண்டு நியூட்ரான் என்று ஆஸ்டனால் அன்று சொல்லியிருக்க முடியாது. நியூட்ரானை சாட்விக் கண்டுபிடித்ததே 1932-இல்தான்.

#11 பணியில்_இருக்கிறேன் (நடுநிலைப்பள்ளி)

எல்லாம் சரி. ஆனால் அந்த ஆசிரியரை வில்லன் ஆக்குகிற மாதிரி இழை போகிறது, அதனால் எழுதுகிறேன். ஒரு வகுப்புக்கு நாற்பது தாள். நாலு வகுப்பு. விடைக்குறிப்பில் 18 என்று இருக்கும். 18.5-ஐப் பார்த்தால் பேனா தானாகத் தப்புப் போடும். ஒவ்வொரு தப்புக்கும் பிரவுட் கதை சொல்ல உட்கார்ந்தால் பாடத்திட்டம் பாதியில் நின்றுவிடும்.

தவிர, கேள்வியே கோளாறு. 'குளோரின்-35 அணுவில்' என்று கேட்டிருக்க வேண்டும். நிறை எண் சொல்லாமல் நியூட்ரான் எண்ணிக்கை கேட்டால் 18 என்பதும் பாதி பதில்தான்.

#12 சாக்பீஸ்

கடைசிப் பத்திக்கு நூற்றுக்கு நூறு. முன்பத்தியில் எனக்கு உடன்பாடு இல்லை டீச்சர். நேரம் இல்லை என்பது உண்மை, நானும் முப்பது வருடம் தாள் திருத்தியவன். ஆனால் "போய் உட்கார்" என்று சொல்ல ஆகும் அதே நேரம்தான் "அது சராசரிடா" என்று சொல்லவும் ஆகும்.

#13 பணியில்_இருக்கிறேன்

அது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

#14 பூஜா_அம்மா

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் மகள் ஏழாவது. அவள் சிக்கல் கணக்கில் இல்லை, படத்தில். நடுவில் எலுமிச்சை அளவு உட்கரு, சுற்றிலும் மூன்று வட்டம், வட்டத்தின் மேல் புள்ளி புள்ளியாக எலக்ட்ரான். நிஜமாகவே அணு இப்படித்தான் இருக்குமா என்று கேட்கிறாள். சூரியக் குடும்பம் மாதிரி என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

#15 சாக்பீஸ்

பாதி சரி. அந்தப் படம் கணக்கெழுதும் பேரேடு மாதிரி. எந்தக் கூட்டில் (படத்தில் உள்ள வட்டம்) எத்தனை எலக்ட்ரான் என்று குறித்துக்கொள்ள உதவும். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8 வரை, மூன்றாவதில் 18 வரை கொள்ளும். அதற்கு மேல் அதை நம்பக்கூடாது, முக்கியமாக அளவு விஷயத்தில்.

பணியில் இருந்தபோது வருடா வருடம் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். நடுவில் ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் ஒற்றைக் கடுகு. "இது ஹைட்ரஜனின் உட்கரு. எலக்ட்ரான் எங்கே இருக்கும்? போய் நில்லுங்கள்" என்பேன். எல்லோரும் தாளைச் சுற்றி ஓரடி தூரத்தில் நிற்பார்கள். "இன்னும் போ" என்றால் நாலடி போவார்கள். நான் "போ போ" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். கடைசியில் அறுபது மீட்டர் தாண்டி மதில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால்தான் சரி. அங்கிருந்து திரும்பிப் பார்க்கச் சொல்வேன். கடுகு எங்கே தெரியும், தாளே தெரியாது. ஒரு வருடம் அந்தக் கடுகைக் காக்கா கொத்திக்கொண்டு போய்விட்டது. அன்றைக்குப் பாடம் இன்னும் நன்றாகப் புரிந்தது.

சேப்பாக்கம் மைதானத்தின் நடு பிட்சில் கடுகை வைத்தால் எலக்ட்ரான் எல்லைக்கோட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒன்றுமே இல்லை.

#16 பழைய_முதல்பெஞ்சு

ஒரு சந்தேகம், இந்த முறை பணிவோடு. அணு உட்கருவைப் போல் பத்தாயிரம் மடங்கு என்று ஒரு இடத்தில் இருக்கிறது, ஒரு லட்சம் மடங்கு என்று இன்னொரு இடத்தில். ஐயாவின் கணக்கு அறுபதாயிரம் வருகிறது. எதுதான் சரி?

#17 நிறமாலை

அணுவுக்கு அணு மாறும். ஹைட்ரஜன் உட்கருவில் ஒற்றைப் புரோட்டான், அதனால் அது ரொம்பப் பொடி, மடங்கு 60 ஆயிரத்துக்கு மேல். தங்கத்தில் 79 புரோட்டானும் 118 நியூட்ரானும் சேர்ந்து உட்கரு தடித்துவிடுகிறது, ஆனால் அணு அந்த அளவுக்குப் பெருக்கவில்லை. அங்கே 20 ஆயிரம் மடங்கு சுமாருக்குத்தான். புத்தகங்கள் பொத்தாம் பொதுவாக ஒரு எண் சொல்கின்றன, தப்பில்லை.

சூரியக் குடும்பம் என்றதால் ஒன்று. சூரியனின் ஆரத்தைப் போல் சுமார் 6,500 மடங்கு தூரத்தில் நெப்டியூன் இருக்கிறது. ஹைட்ரஜன் அணு அதைவிடப் பத்து மடங்கு காலி. உவமையே தோற்றுவிட்டது பாருங்கள்.

அது மட்டுமில்லை. எலக்ட்ரான் நிஜமாகவே கோள் மாதிரி சுற்றினால், சுற்றச் சுற்ற ஆற்றலை ஒளியாக இழந்து, கண் இமைப்பதற்குள் உட்கருவில் போய் விழுந்துவிட வேண்டும். அந்தக் கால இயற்பியல் கணக்கு அப்படித்தான் சொன்னது. 1911-இல் ரூதர்போர்டு உட்கருவைச் சொன்ன கையோடு இந்தச் சிக்கலும் வந்துவிட்டது. 1913-இல் நீல்ஸ் போர், எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட ஆற்றல் மட்டங்கள் மட்டுமே அனுமதி, மாடிப்படி மாதிரி, இரண்டு படிக்கு நடுவில் நிற்க முடியாது என்றார். பாடப்புத்தக வட்டங்கள் அங்கிருந்து வந்தவை. பின்னால் அந்த வட்டமும் போய், எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லும் மேகமாக மாறிவிட்டது. ஏழாம் வகுப்புக்கு மேகம் வேண்டாம். 'வட்டம் என்பது நாம் வரைந்துகொண்டது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

#18 பூஜா_அம்மா

இவ்வளவு காலியாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பார்க்க முடியாதே. இன்னொன்று, அவ்வளவும் காலி என்றால் என் கை ஏன் மேஜைக்குள் போகவில்லை? (இது மகள் கேட்டது. நான் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

#19 சாக்பீஸ்

முதல் கேள்விக்கு நான். மான்செஸ்டரில் ரூதர்போர்டிடம் வேலை செய்த கைகரும், இருபது வயது மாணவர் மார்ஸ்டனும் 1909-இல் செய்தது. ஏறத்தாழ ஆயிரம் அணு கனமே உள்ள தங்கத் தகட்டின் மேல் ஆல்பா துகள்களை வீசினார்கள். ஆல்பா என்பது ஹீலியத்தின் உட்கரு, நேர்மின் சுமை உள்ளது. துகள் விழுந்தால் துத்தநாக சல்பைடு பூசிய திரையில் சின்னதாக ஒரு மினுக்கல் வரும். இருட்டறையில் கண் பழகும்வரை உட்கார்ந்திருந்து, நுண்ணோக்கி வழியே அதை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அந்தப் பையன்களின் கண்ணை நினைத்தால் பாவமாக இருக்கும்.

பெரும்பாலானவை தகடு ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் நேராகப் போய்விட்டன. ஆக, உள்ளே காலி. ஆனால் பல ஆயிரத்தில் ஒன்று வந்த வழியே திரும்பியது. காகிதத்தின் மேல் பீரங்கிக் குண்டு போட்டால் அது திரும்பி வந்த மாதிரி என்று ரூதர்போர்டே பின்னாளில் வியந்திருக்கிறார். ஆக, உள்ளே எங்கோ மிகச் சிறிய இடத்தில் எடையும் நேர்மின் சுமையும் மொத்தமாகக் குவிந்திருக்கிறது. பார்க்கவில்லை, எறிந்து பார்த்தார்கள். இருட்டில் மாமரத்தில் கல் விட்டு, சத்தத்தை வைத்துக் காய் எங்கே என்று சொல்கிற பிள்ளைகள் நம்மிடமும் உண்டு.

#20 நிறமாலை

இரண்டாவதற்கு நான். மேஜையின் வெளிப்புறம் எலக்ட்ரான், கையின் வெளிப்புறமும் எலக்ட்ரான். இரண்டுமே எதிர்மின் சுமை, ஒன்றையொன்று தள்ளும். ஏழாம் வகுப்புக்கு இது போதும். முழுக் காரணம் இன்னும் ஒன்று: ஓர் எலக்ட்ரான் இருக்கும் அதே நிலையில் இன்னொன்று உட்கார முடியாது என்று பௌலி 1925-இல் ஒரு விதி சொன்னார். ரிசர்வ் செய்த சீட் மாதிரி. ரயில் பெட்டியில் முக்கால்வாசி வெறும் காற்றுதான். அதற்காக உட்கார இடம் கிடைத்துவிடுகிறதா?

#21 பூஜா_அம்மா

மகள் சிரித்துவிட்டாள். போதும் என்கிறாள்.

#22 தறிக்காரன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். அன்றைக்கே பையன் தேர்வுத்தாளின் பின்பக்கத்தில் நாலு குவியலையும் வரைந்து, 142 ÷ 4 போட்டு, ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினான். மார்க் மாறவில்லை. ஆனால் அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கரும்பலகையில் வரையச் சொன்னாராம்.

இப்போது புதுத் தலைவலி. அட்டவணையில் தாமிரம் 63.5 என்று கண்டுபிடித்திருக்கிறான். 'அங்கேயும் அரை!' என்று அவனே 63-உம் 65-உம் வைத்துப் பார்த்தான். மூன்று 63, ஒரு 65, கூட்டினால் 254, நாலால் வகுத்தால் சரியாக 63.5. ஆக, தாமிரமும் மூன்றுக்கு ஒன்று என்று முடிவு கட்டிவிட்டான். சரியா?

#23 நிறமாலை

63-உம் 65-உம் என்றது சரி, அவனுக்கு ஒரு சபாஷ். விகிதம்தான் கொஞ்சம் தள்ளிப்போய்விட்டது. நிஜத்தில் 69 சதவீதம் 63, 31 சதவீதம் 65. இதை நிறை எண்ணில் போட்டால் 63.6 வரும், அட்டவணையில் 63.55. இடறல் எங்கே என்றால், தனி அணுவின் எடையும் நிறை எண்ணும் அச்சாக ஒன்றில்லை. தாமிரம்-63-ஐ நிறுத்தால் 62.93 வரும். புரோட்டானும் நியூட்ரானும் உட்கருவில் இறுக்கிச் சேரும்போது கொஞ்சம் எடை ஆற்றலாக வெளியே போய்விடுகிறது. குளோரினிலும் அப்படித்தான், 35 நிஜத்தில் 34.97. அதனால்தான் துல்லியமான அட்டவணையில் 35.5 இல்லை, 35.45.

எட்டாம் வகுப்புக்கு இது கேட்க மாட்டார்கள். அவன் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

#24 தறிக்காரன்

கேட்டுவிட்டான். சொல்லியும் விட்டேன். "அப்ப கொட்டைய ஒட்டி வெச்சா எடை குறையுமா" என்று பசையைத் தேடிக்கொண்டிருக்கிறான். அம்மா பல்லாங்குழிக் கொட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள். பையன் சொன்ன 74-இல் நாலு குறைகிறதாம். அது பட்டாணி என்று நான் இன்னும் சொல்லவில்லை.